வேட்டைக்காரர்கள் எழுதிய அகராதி

புல்டோசர் என்ற சொல் முதன்முதலில் அச்சேறியபோது அதற்குச் சக்கரமும் கிடையாது, இரும்புத் தகடும் கிடையாது. அது ஒரு மனிதனைக் குறித்தது.

1876. அமெரிக்காவின் தென் மாநிலமான லூசியானாவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அடிமை முறை ஒழிந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அரசியல் சாசனம் திருத்தப்பட்டு ஆறு ஆண்டுகள். கருப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர் ரிபப்ளிகன் கட்சியின் பக்கம் இருந்தார்கள். டெமாக்ரடிக் கட்சியைச் சார்ந்த வெள்ளையர் கும்பல்கள் இரவில் குதிரையேறி வந்து அவர்களை வீட்டிலிருந்து இழுத்துச் சவுக்கால் அடித்தன. சிலரைக் கொன்றும் போட்டன. காளை மாட்டுக்குக் கொடுக்கிற அளவில் ஒரு ‘டோஸ்’ என்பதுதான் ‘புல்டோஸ்’ என்று அன்றைய பத்திரிகைகள் விளக்கம் சொல்லின. அப்பா டோஸ் விட்டார் என்று நம் வீடுகளில் சொல்வதற்குப் பக்கத்தில் வரும் பொருள்தான். அங்கே அது முதுகுத் தோலை உரித்தது. அப்படி அடித்துப் பயமுறுத்துகிறவன் புல்டோசர்.

அந்தத் தேர்தலில் லூசியானாவின் வாக்குச் சரிபார்ப்புக் குழு, வாக்காளர்கள் மிரட்டப்பட்டார்கள் என்று காரணம் காட்டி, டெமாக்ரடிக் கட்சிக்கு விழுந்த 13,000க்கும் மேற்பட்ட வாக்குகளைத் தள்ளுபடி செய்தது. அந்தக் குழுவும் யோக்கியம் என்று பெயர் எடுத்ததில்லை. கடைசியில் நாடு முழுவதற்குமான தேர்வாளர் வாக்குகளின் கணக்கில் ரிபப்ளிகன் வேட்பாளர் ஹேய்ஸுக்கு 185, அவருக்கு எதிராக நின்ற டில்டனுக்கு 184 என்று முடிவாயிற்று. மறு ஆண்டே, தென் மாநில அரசுகளுக்குத் துணையாக நின்ற மத்தியப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. சவுக்குக்குப் பயப்படாமல் வாக்களித்தவனுக்கு அதன்பின் பாதுகாப்பு இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் நுட்பமானது. 1898-இல் லூசியானா தன் சாசனத்தை மாற்றி எழுதியது. வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வு வேண்டும், இல்லாவிட்டால் சொத்து வேண்டும். ஆனால் உன் தகப்பனோ பாட்டனோ 1867-க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தால் இரண்டும் வேண்டாம். அடிமையாக இருந்தவனின் மகன் எந்தப் பாட்டனைக் காட்டுவான்? சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்கவில்லை. 1896-இல் அந்த மாநிலத்தில் பதிவான கருப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர். சவுக்கு செய்ய முடியாததை விண்ணப்பப் படிவம் செய்து முடித்தது.

மண்ணைத் தள்ளும் இயந்திரத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது 1930-களில்தான். எதிரே நிற்பதையெல்லாம் முட்டித் தள்ளும் என்ற ஒற்றுமையால் பெயர் ஒட்டிக்கொண்டது. அடிபட்டவர்கள் சொல்லிலிருந்து உதிர்ந்துபோனார்கள். சொல் அத்தோடு நிற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டை, வழக்கு முடியும் முன்பே இடித்துத் தள்ளும் வழக்கம் இந்தியாவின் வட மாநிலங்கள் சிலவற்றில் கிளம்பியபோது, ஊடகங்கள் அதைப் ‘புல்டோசர் நீதி’ என்றன. இடிக்க வந்த வண்டிகளில் பல நாம் ஜேசிபி என்று சொல்லும் வகைதான் என்றாலும், பெயர் என்னவோ சரியாக அமைந்துவிட்டது. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அமர்வு, நிர்வாகம் தானே நீதிபதியாகித் தண்டனை தர முடியாது என்று தீர்ப்பளித்து, இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று விதித்தது. நூற்றைம்பது ஆண்டுகள் சுற்றி அலைந்து, அந்தச் சொல் மறுபடி மனிதரைப் பயமுறுத்தும் வேலைக்கே வந்து சேர்ந்திருந்தது.

மிரட்டுவதற்கும் குழப்புவதற்கும் ஏமாற்றுவதற்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்களைத் துருவிக்கொண்டு போனால், ஒவ்வொன்றின் அடியிலும் இப்படி ஒரு தொழிலோ பதவியோ தட்டுப்படுகிறது. அகராதிகள் அவற்றை அகரவரிசையில் அடுக்குகின்றன. எனக்கு வேறொரு பிரிவு முக்கியமாகப் படுகிறது: சொல் யாருடைய பக்கத்திலிருந்து பிறந்தது? செய்தவன் பக்கத்திலிருந்தா, பட்டவன் பக்கத்திலிருந்தா? முதல் வகை ஏராளம். இரண்டாவது வகை கொஞ்சம்; அந்தக் கொஞ்சமும் பரவப் பரவக் கூர் மழுங்கிவிடுகிறது.

நம் காவல் நிலையங்களில் தினமும் புழங்கும் ‘சீட்டிங் கேஸ்’ பட்டவன் பக்கத்துச் சொல். அதன் மூலம் ‘எஸ்சீட்’ என்ற நிலவுடைமைச் சட்டச் சொல். வாரிசு இல்லாமல் ஒருவர் இறந்தாலோ, பெருங்குற்றம் செய்து தண்டனை பெற்றாலோ, அவர் அனுபவித்த நிலம் மேலுள்ள பிரபுவுக்கோ மன்னனுக்கோ திரும்பிப் போகும். இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து இதைக் கவனிக்கவே ‘எஸ்சீட்டர்’ என்ற அதிகாரி இருந்தார். சாவுச் செய்தி வந்ததும் நிலத்தைக் கையகப்படுத்துவார். ஊர்க்காரர்களைக் கூட்டிச் சத்தியம் வாங்கி விசாரிப்பார். எவ்வளவு நிலம், வாரிசு உண்டா, உண்டென்றால் வயது என்ன? வாரிசு சிறுபிள்ளை என்றால், வயது வரும்வரை வருமானம் மன்னனுக்கு. இழவு வீட்டு வாசலில் கணக்கு நோட்டோடு வந்து நிற்கும் இந்த மனிதரைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. தலையெழுத்து ஒன்று தேய்ந்து ‘சீட்டர்’ ஆனது, பொருள் மோசக்காரன் ஆயிற்று. ஷேக்ஸ்பியரின் ‘மெர்ரி ஒய்வ்ஸ் ஆஃப் விண்ட்சர்’ நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் இரண்டு பணக்காரப் பெண்களிடம் பணம் கறக்கத் திட்டம் போடும்போது, தான் அவர்களுக்குச் சீட்டராக இருக்கப் போவதாகச் சொல்கிறான். அரசு அதிகாரி, மோசக்காரன் என்ற இரண்டு பொருளும் அப்போது உயிரோடு இருந்ததால்தான் அந்தச் சிலேடை எடுபட்டது.

வாரிசில்லாச் சொத்து ஆள்பவருக்குப் போகும் கதையைத் தஞ்சாவூரும் பட்டறிந்தது. 1855 அக்டோபரில் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அரச பட்டம் காலாவதி ஆகிவிட்டது என்றது கிழக்கிந்தியக் கம்பெனி. அதோடு விடவில்லை. கம்பெனி அதிகாரி படையோடு அரண்மனைக்குள் புகுந்து, கருவூலத்தைப் பூட்டி முத்திரை வைத்து, அரச குடும்பத்தின் சொந்தச் சொத்தையும் சேர்த்துக் கைப்பற்றினார். மூத்த ராணி காமாட்சி பாயி சாகேப் சென்னையில் வழக்குத் தொடுத்து வென்றார். கம்பெனி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859-இல் வந்த தீர்ப்பு, இது அரசு தன் இறையாண்மையால் செய்த செயல், நியாயமா அநியாயமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழைய முடியாது என்று கைவிரித்தது. சொத்து பிற்பாடு ராணிகளிடம் திரும்பியது, ஆனால் உரிமையாக அல்ல, சலுகையாக. வாரிசில்லாச் சொத்து அரசுக்குச் சேரும் என்ற விதி இந்திய அரசியல் சாசனத்தின் 296ஆம் பிரிவிலும் அதே ‘எஸ்சீட்’ என்ற பெயரில் இருக்கிறது. அது அரசிடம் இருந்தால் சட்டம். தேய்ந்து தெருவுக்கு வந்தால் 420.

‘பிளாக்மெயில்’ இன்னொரு வகை வரி. அதிலுள்ள மெயிலுக்கும் தபாலுக்கும் உறவில்லை; ஸ்காட்லாந்து வழக்கில் அது குத்தகை, வாடகை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் 16ஆம் நூற்றாண்டில் இரு பக்கத்துக் குடும்பங்களும் மாடு பிடிப்பதைத் தொழிலாகவே செய்தன. உன் மாட்டை நான் தொடமாட்டேன், பிறர் தொட்டால் மீட்டும் தருகிறேன் என்று சொல்லி வாங்கிய பணமோ தானியமோதான் பிளாக்மெயில். நில உரிமையாளருக்குக் கட்டும் நேர்மையான வாடகை ஒன்று, இந்தக் கருப்பு வாடகை இன்னொன்று என்று குடியானவன் இரண்டையும் கட்டினான். 1601-இல் எலிசபெத் அரசி காலத்துச் சட்டம் இதை மரண தண்டனைக்குரிய குற்றம் ஆக்கியது. வாங்குகிறவனுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது, கொடுக்கிறவனுக்கும் அதே தண்டனை. தரவில்லை என்றால் கொள்ளையன் கொல்வான், தந்தால் அரசாங்கம் கொல்லும்.

இதைப் படிக்கும் தெற்கத்திக்காரர்களுக்குத் துப்புக்கூலி நினைவுக்கு வரும். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஊர்க்காவலுக்கு ஊர் கூலி கொடுத்தது. காவல் உள்ள ஊரில் களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தரவோ ஈடுகட்டவோ வேண்டும். கூலி தராத ஊரில் மாடு தானாகக் காணாமல் போகும். எங்கே நிற்கிறது என்று துப்புச் சொல்ல ஒருவர் வருவார், அவருக்குத் துப்புக்கூலி. வெள்ளைக்கார அதிகாரிகள் இந்த முறையைப் பற்றி எழுதியபோது தங்கள் எல்லைப்புறச் சொல்லையே எடுத்துப் பிளாக்மெயில் என்று குறித்தார்கள். ஒப்புமை முழுப் பொய் இல்லை. ஆனால் காவல் என்ற பாதியை அந்தச் சொல் விழுங்கிவிட்டது. ஒரு முறையைச் சுட்டிய பெயர் மெல்ல மெல்லச் சில சமூகங்களின் மேல் முத்திரையாக விழ, 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. இரகசியத்தை வெளியே சொல்லிவிடுவேன் என்று பணம் கேட்கும் இன்றைய பொருள் பிளாக்மெயிலுக்குப் பிற்பாடு ஏறியது.

செய்தவன் பக்கத்துச் சொற்களுக்கு வந்தால் மொழி முழுக்கக் காட்டு வாசனை. ஆசைகாட்டி இழுப்பதைச் சொல்லும் ‘டிகாய்’ டச்சுக்காரர்களின் வாத்துக் கூண்டு. குளத்திலிருந்து வலை மூடிய வாய்க்கால் ஒன்று வளைந்து ஒடுங்கிக்கொண்டே போகும், கரையில் மறைப்புகளுக்கு நடுவே தோன்றித் தோன்றி மறையும் ஒரு பழக்கிய நாயைப் பின்தொடர்ந்து வாத்துகள் தாமே உள்ளே நீந்தும். ‘டூப்’ கொண்டலாத்திப் பறவையின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது. முட்டாள் பறவை என்று அதற்குப் பெயர். ஏமாந்தவனுக்குப் புறா என்றும் ஒரு பெயர் உண்டு. நாமும் குறைந்தவர்கள் இல்லை. ஏமாளி, இளிச்சவாயன், சோணகிரி என்று பட்டவனுக்கு வைத்திருக்கும் பெயர்களை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

இவற்றிலெல்லாம் விரிவான ஆவணம் உள்ளது முயலுக்குத்தான். 1591-இல் ராபர்ட் கிரீன் என்ற எழுத்தாளர் லண்டன் மோசக்காரர்களின் தந்திரங்களை அம்பலப்படுத்திச் சிறு நூல்கள் வெளியிடத் தொடங்கினார். அவர்கள் தங்கள் தொழிலுக்கு வைத்திருந்த பெயர் முயல் பிடித்தல். கிராமத்திலிருந்து கையில் கொஞ்சம் காசோடு நகரம் பார்க்க வருகிறவன் முயல். முதலில் ஒருவன் வலிய வந்து பேச்சுக் கொடுப்பான்: எந்த ஊர், பெயர் என்ன, பக்கத்தில் யார் பெரிய மனிதர். குடிக்கக் கூப்பிடுவான். கிராமத்தான் உஷாராகி மறுத்தால் மரியாதையாக விலகிவிடுவான். கேட்டதையெல்லாம் போய் இரண்டாமவனிடம் ஒப்பித்துவிடுவான். அடுத்த தெருமுனையில் அந்த இரண்டாமவன், அடடே என்று பெயர் சொல்லி அழைத்து, இன்னார் சௌக்கியமா என்று ஊர்ப் பெரியவரை விசாரிப்பான். பெயரும் ஊரும் தெரிந்தவன் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? சாராயக் கடையில் உட்கார்ந்ததும் சீட்டுக்கட்டு வெளியே வரும். மூன்றாமவன் ஒருவன் யாரோ வழிப்போக்கன் போல வந்து சேர்ந்துகொள்வான். முயலின் பை காலி. கிரீன் இதைக் கண்டித்துத்தான் எழுதுகிறார், ஆனால் அவர் நூலை வாங்கிப் படித்த லண்டன்காரர்கள் முயலுக்காக அழுதிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தந்திரத்தை ரசித்திருப்பார்கள். அந்த ரசனைதான் இந்தச் சொற்களை வாழவைக்கிறது.

நியூயார்க்கில் 1849-இல் பிடிபட்ட வில்லியம் தாம்சன் விஷயத்திலும் அதே ரசனை. நல்ல உடுப்போடு தெருவில் முன்பின் தெரியாதவரிடம் பழகியவர் போலப் பேசி, நாளை வரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் நம்பிக் கொடுப்பீர்களா என்று கேட்பார். கொடுத்தார்கள். 110 டாலர் பெறுமான தங்கக் கடிகாரத்தைக் கொடுத்த ஒருவர் சில வாரம் கழித்து அவரைத் தெருவில் பார்த்துப் போலீசை அழைத்தார். ‘நியூயார்க் ஹெரால்ட்’ பத்திரிகை இவரை நம்பிக்கை மனிதர் என்று பெயரிட்டு எழுத, ‘கான் மேன்’ பிறந்தது. அடுத்த சில நாட்களில் அதே பத்திரிகை ஒரு நையாண்டி வெளியிட்டது: இவர் சின்ன அளவில் செய்ததால் சிறையில் இருக்கிறார், வால் ஸ்ட்ரீட்டில் பெரிய அளவில் செய்கிறவர்கள் மாளிகையில் இருக்கிறார்கள் என்று.

இந்த வரிசையில் விலகி நிற்கிறது, ஒருவரைத் தன் நினைவையே சந்தேகிக்க வைப்பதைக் குறிக்கும் ‘கேஸ்லைட்டிங்’. பேட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ் லைட்’ நாடகம் 1938-இல் இங்கிலாந்தில் மேடையேறியது. 1944-இல் இன்கிரிட் பெர்க்மன் நடித்த ஹாலிவுட் படம் அதை உலகெங்கும் கொண்டுபோய் அவருக்கு ஆஸ்கரும் வாங்கித் தந்தது. கணவன் விளக்கைக் குறைத்துக் குறைத்து, குறையவே இல்லை என்று சொல்லி மனைவியைப் பைத்தியமாக்கும் கதை என்றுதான் இதைப் பலரும் சொல்கிறார்கள். நாடகத்தைக் கவனித்துப் பார்த்தால் அப்படி இல்லை.

கதை 1880-இன் லண்டனில் ஒரு வீட்டில் நடக்கிறது. முன்பு அங்கே ஒரு கிழவி கொலையுண்டிருக்கிறாள், அவளது மாணிக்கக் கற்கள் கிடைக்கவில்லை. கணவன் தினமும் மாலையில் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, பின்வழியாகப் பூட்டிக் கிடக்கும் மேல்மாடிக்கு ஏறிக் கற்களைத் தேடுகிறான். மனைவியைக் குழப்ப அவன் செய்பவை வேறு: சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி மறைப்பான், மளிகைக் கடைப் பில்லை ஒளிப்பான், உடை ஊசியை எடுத்துக்கொள்வான், பிறகு நீதான் தொலைத்தாய் என்பான். விளக்கு மட்டும் அவன் திட்டத்தில் இல்லாத விஷயம். வீடு முழுவதற்கும் ஒரே எரிவாயுக் குழாய். மாடியில் அவன் ஒரு விளக்கை ஏற்றினால் அழுத்தம் குறைந்து கீழே அவள் அறையில் சுடர் தாழும். அவன் அணைத்ததும் நிமிரும், சற்று நேரத்தில் வாசலில் அவன் காலடி கேட்கும். அவள் இதைக் கவனித்திருக்கிறாள், கணக்கும் போட்டிருக்கிறாள். தாய் மனநோயில் இறந்தவள் என்பதால் வெளியே சொல்லப் பயப்படுகிறாள். ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஒருவர் வந்து அமர்ந்திருக்கும்போது அவர் கண் முன்னால் சுடர் தாழ்கிறது. அவள் சொன்னது உண்மை என்று அங்கேதான் உறுதியாகிறது.

ஆக, கேஸ்லைட் என்பது ஏமாற்றியவனின் கருவி அல்ல, ஏமாற்றப்பட்டவளின் தடயம். வலையையும் தூண்டிலையும் வைத்துப் பெயரிட்டுப் பழகிய மொழியில், இரை தன் கண்ணால் கண்ட சாட்சி ஒன்று தவறிப்போய்ப் பெயராக அமைந்துவிட்டது.

சொல் மேடையிலிருந்து மருத்துவத்துக்குப் போனது. 1969-இல் ‘லான்செட்’ இதழில் பார்ட்டன், வைட்ஹெட் என்ற இரு மருத்துவர்கள், உறவினரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பித் தங்கள் தொல்லையைத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தவர்களின் கதைகளை இந்தப் பெயரில் எழுதினார்கள். பிறகு குடும்ப வன்முறை பற்றிப் பேசுவோர் எடுத்துக்கொண்டார்கள். 2022-இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி இதை ஆண்டின் சொல்லாக அறிவித்தபோது, தேடல் 1,740 சதவீதம் கூடியிருந்தது. அதற்குள் சொல்லின் விளிம்பு கரைய ஆரம்பித்துவிட்டது. இன்று ஆங்கிலச் சமூக ஊடகங்களில், எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே என்று சொல்கிறவரும் கேஸ்லைட் செய்கிறவர்தான். உண்மையிலேயே மாடியில் காலடி கேட்கிற பெண்ணுக்கு இதில் நஷ்டம். அவள் சொன்னால் இன்னொரு குற்றச்சாட்டு என்று கேட்பவர் கடந்துவிடுவார்.

நம் நாட்டுச் செய்திகளில் இப்போது அடிபடும் சொல் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தன் வானொலி உரையிலேயே இதைப் பற்றி எச்சரித்தார். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது, உங்கள் ஆதார் எண் பணமோசடியில் சிக்கியிருக்கிறது என்று முதல் ஆள் பேசுவார். பெயர், முகவரி, சில சமயம் வங்கிக் கணக்கு விவரம்கூடச் சரியாகச் சொல்வார். பிறகு வீடியோவில் காக்கிச் சட்டையோடு இன்னொருவருக்கு இணைப்பு மாறும். மூன்றாமவர் நீதிபதியாகவும் இருக்கலாம். கேமராவை அணைக்காதே, அறையை விட்டு நகராதே, வீட்டில் யாரிடமும் மூச்சு விடாதே; கணக்கைச் சரிபார்க்க வேண்டும், பணத்தை இந்த எண்ணுக்கு மாற்று. மிரட்டல், குழப்பம், மோசடி மூன்றும் ஒரே அழைப்பில். பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கு 318, ஆள்மாறாட்டத்துக்கு 319, மிரட்டலுக்கு 351 என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. மோசக்காரர்கள் தங்கள் தொழிலுக்கு வைத்த பெயர் அது. நாமும் அதே பெயரில் செய்தி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பணம் போனதும் 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பாய்வதற்குள் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. முதல் சில மணி நேரம்தான் கணக்கு. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், மருத்துவர்கள், வங்கியிலேயே வேலை பார்த்தவர்கள் என்று மாட்டிக்கொண்ட பலர் அந்த நேரத்தில் அழைப்பதில்லை. இவ்வளவு படித்துவிட்டு எப்படிங்க ஏமாந்தீங்க என்று பிள்ளைகளும் அக்கம்பக்கமும் முதலில் கேட்கப்போகும் கேள்வி அவர்களுக்குத் தெரியும்.